அக்காவின் தைராய்டும் அந்த நாலு மில்லிமீட்டரும்

தைராய்டுன்னு சொன்னாலே நம்ம ஊர்ல வர்ற முதல் பதில், "அப்போ உடம்பு போடுமே"ங்கிறதுதான். ஆபீஸ் கேன்டீன், கல்யாணப் பந்தி, ரயில்ல எதிர் சீட்டு மாமி, எங்கே பேச்சு வந்தாலும் இதே பதில்தான். அது தைராய்டு கம்மியா சுரக்கிறவங்க கதை. இன்னிக்கு நான் எழுதப்போறது அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். தைராய்டு அளவுக்கு மீறி சுரக்கிற வியாதி. அதிலும் அப்படி ஓவரா வேலை பார்த்த ஒரு சுரப்பியை வெட்டி எடுத்த பிறகு, அதுக்குள்ள யாருமே எதிர்பார்க்காத ஒரு துளி புற்றுநோய் இருந்துச்சுன்னா அதை என்னன்னு எடுத்துக்கிறது? அதுதான் விஷயம்.

எங்க அக்காவுக்கு நடந்தது இது. "எழுதுடா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும், பேரு மட்டும் போடாதே"ன்னு அவளே சொன்னதால எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல ஹார்மோன், புள்ளிவிவரம் எல்லாம் வரும். பொறுமையா படிங்க.

மொட்டைமாடித் தொட்டியும் மோட்டார் சுவிட்சும்

தைராய்டு, கழுத்துல குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயைக் கட்டிப்பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பி. எடை 15-லிருந்து 20 கிராம்தான் இருக்கும். பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும்னு எல்லா புத்தகத்துலயும் எழுதியிருப்பாங்க. இதுல ஊறுற டி3, டி4 என்கிற ஹார்மோன்கள்தான் உடம்போட வேகத்தை முடிவு பண்ணுது. இதயம் எவ்வளவு வேகமா துடிக்கணும், சாப்பாடு எவ்வளவு வேகமா எரியணும், எல்லாம் இது கையில.

இது எவ்வளவு சுரக்கணும்னு சொல்றது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி. அது அனுப்புற ஹார்மோன் பேரு டி.எஸ்.ஹெச். நம்ம மொட்டைமாடித் தண்ணித்தொட்டியை நினைச்சுக்குங்க. தொட்டி காலியானா கீழே சுவிட்சைப் போடறோம், நிரம்பினா அணைக்கிறோம். டி.எஸ்.ஹெச்.தான் சுவிட்சைப் போடற கை. ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் நிரம்பிட்டா பிட்யூட்டரி கையை எடுத்துடும். அதனாலதான் ஓவர் தைராய்டுக்காரங்க ரிப்போர்ட்ல டி.எஸ்.ஹெச். கிட்டத்தட்ட ஜீரோன்னு இருக்கும்.

கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுது? யாரோ சுவிட்சுக்கு இடையில தீக்குச்சியைச் செருகி வச்சுட்டுப் போயிட்டாங்க. அதுதான் கிரேவ்ஸ் வியாதி. உடம்போட எதிர்ப்புச் சக்தியே தப்பா ஒரு ஆன்டிபாடியைத் தயாரிக்குது. அது தைராய்டு செல் மேல டி.எஸ்.ஹெச். வந்து உட்கார வேண்டிய இடத்துல உட்கார்ந்துக்கிட்டு, "சுரந்துக்கிட்டே இரு"ன்னு அமுக்குது. தொட்டி வழிஞ்சாலும் மோட்டார் நிக்காது.

1835-ல டப்ளின்ல ராபர்ட் கிரேவ்ஸ் இந்த வியாதியை விவரிச்சார். 1840-ல ஜெர்மனியில மெர்ஸபுர்க் ஊர் டாக்டர் பாசெடோ தனியா விவரிச்சார். அதனால ஐரோப்பாவுல பல இடங்கள்ல இன்னும் பாசெடோ வியாதின்னுதான் சொல்றாங்க. துருத்தின கண், வீங்கின கழுத்து, படபடக்கிற நெஞ்சு, இந்த மூணும்தான் அடையாளம். ஆனா அந்தத் தீக்குச்சி இருக்குன்னு கண்டுபிடிக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1956-ல நியூசிலாந்தின் டனீடின் நகரத்துல ஆடம்ஸ், பர்வ்ஸ்னு ரெண்டு பேர்தான் நோயாளிகளோட ரத்தத்துல டி.எஸ்.ஹெச். இல்லாத வேற ஏதோ ஒண்ணு தைராய்டைத் தூண்டுதுன்னு காட்டினாங்க.

ஒரு சுவாரசியமான தகவல். அமெரிக்க ஜனாதிபதியா இருந்த அப்பா புஷ்ஷுக்கு இந்த வியாதி இருந்தது. 1991 மே மாசம் ஓடிக்கிட்டிருக்கும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரிக்குப் போனப்போ கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1989-ல, அவர் மனைவி பார்பராவுக்கும் இதே வியாதி. ஒட்டுற வியாதி கிடையாதே, எப்படி ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குன்னு வெள்ளை மாளிகைத் தண்ணியைக்கூட சோதிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கலை.

அக்கா கதை

அக்கா என்னைவிட ஏழு வயசு மூத்தவ. திருச்சியில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். 2021 ஆரம்பத்துல, அவளுக்கு 31 வயசு இருக்கும்போது, ஆறே மாசத்துல ஒன்பது கிலோ குறைஞ்சா. பசி மட்டும் நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மா, "என்ன டயட்டுடி இருக்கே, எனக்கும் சொல்லு"ன்னு கேட்டாங்க. மார்கழி மாசம் ஃபேன் போட்டுத் தூங்குவா. சின்ன விஷயத்துக்கெல்லாம் மாமா மேல எரிஞ்சு விழுவா. "கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, குழந்தை இல்லைன்னு டென்ஷன்"னு பெரியவங்க தீர்ப்பு எழுதிட்டாங்க. கடைசியில கண்டுபிடிச்சது போர்டு. வட்டம் போட்டா கோணலா வருது, சாக்பீஸ் பிடிச்ச கை நடுங்குதுன்னு அவளே போய் டாக்டரைப் பார்த்தா. டி.எஸ்.ஹெச். 0.01-க்கும் கீழே. ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ். கிரேவ்ஸ்.

கார்பிமசோல் மாத்திரை, படபடப்புக்கு புரோபிரனலால். கூடவே ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா உடனே மாத்திரையை நிறுத்திட்டு ரத்த அணு எண்ணிக்கை பார்க்கணும். அபூர்வமா இந்த மாத்திரை வெள்ளை அணுக்களை ஒரேயடியா இறக்கிடுமாம். நல்லவேளை அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒன்றரை வருஷம் சாப்பிட்டா. எடை திரும்ப வந்தது, வட்டமும் வட்டமா வந்தது. 2022 ஆகஸ்ட்ல மாத்திரையை நிறுத்தினாங்க. நவம்பர்ல எல்லாம் பழையபடி. மாத்திரை நிறுத்தினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித் திரும்பி வருமாம்.

இப்போ மூணு வழி. ஒண்ணு, மாத்திரையையே தொடர்றது. ரெண்டாவது, கதிரியக்க அயோடின். அயோடினை உடம்புல அதிகமா உறிஞ்சிக்கிறது தைராய்டுதான். அதனால கதிரியக்கம் உள்ள அயோடினை விழுங்கினா அது நேரா தைராய்டுக்குப் போய் அதை உள்ளிருந்தே சுட்டுடும். 1941-ல பாஸ்டன்ல சால் ஹெர்ட்ஸ்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சு வச்ச வைத்தியம். மூணாவது, ஆபரேஷன் பண்ணி சுரப்பியையே எடுத்துடறது.

அக்காவுக்குக் கண் கொஞ்சம் துருத்த ஆரம்பிச்சிருந்தது. கதிரியக்க அயோடின் குடுத்தா கண் பிரச்னை அதிகமாகலாம். அதோட அது குடுத்து குறைஞ்சது ஆறு மாசம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கழுத்து வீக்கமும் நல்லா வெளியே தெரிஞ்சுது. ஸ்கேன்ல சுரப்பி முழுக்க வீங்கி, ரத்த ஓட்டம் தகதகன்னு இருந்துச்சு. ரேடியாலஜிக்காரங்க இதுக்கு 'தைராய்டு இன்ஃபெர்னோ'ன்னு பேரு வச்சிருக்காங்க. தனியா கட்டி எதுவும் தென்படலை. எல்லாம் யோசிச்சு ஆபரேஷன்னு முடிவாச்சு.

ஆபரேஷனுக்கு முன்னாடி பத்து நாள் லூகால் அயோடின்னு ஒரு சொட்டு மருந்து. சுரப்பிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறதுக்கு. "துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்குடா"ன்னா அக்கா. 2023 பிப்ரவரியில ஆபரேஷன் முடிஞ்சுது. ரெண்டாம் நாள் உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் ஊசி குத்தற மாதிரி இருந்துச்சு. தைராய்டுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு நாலு குட்டிச் சுரப்பிகள் இருக்கு, கால்சியத்தைக் கவனிக்கிறதுக்கு. ஆபரேஷன்ல அதுங்க கொஞ்சம் அதிர்ச்சியாகிடும். கால்சியம் குடுத்ததும் ஒரு வாரத்துல சரியாச்சு.

நாங்க எல்லாரும் மூச்சு விட்டோம். பத்து நாள் கழிச்சு பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது.

மாமாதான் வாங்கிட்டு வந்தார். முதல் வரி எதிர்பார்த்ததுதான், கிரேவ்ஸ். அடுத்த வரி: வலது மடல்ல 4 மில்லிமீட்டர் அளவுல பாப்பில்லரி மைக்ரோ கார்சினோமா, சுரப்பியின் உறைக்குள்ளயே இருக்கு, வெட்டின ஓரங்கள்ல எதுவும் இல்லை.

"கார்சினோமான்னா..."ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க, முடிக்கலை. எங்க பெரிய மாமா, அம்மாவோட அண்ணன், வாய்ப் புற்றுநோயில போனவர். அதுக்கப்புறம் எங்க வீட்டுல அந்த வார்த்தையையே சொல்ல மாட்டாங்க. 'அந்த வியாதி'ன்னுதான் சொல்வாங்க. அக்கா மட்டும் ரிப்போர்ட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சுட்டு, "நாலு மில்லிமீட்டர்னா ஒரு மிளகு சைஸ்"ன்னா. கணக்கு டீச்சர் இல்லையா.

வராதுன்னு சொன்னாங்களே?

அன்னிக்கு ராத்திரியிலிருந்து ஒரு மாசம் நான் படிச்சது, கேட்டது எல்லாத்தையும் சுருக்கமா தர்றேன்.

தைராய்டு ஓவரா சுரக்கிறவங்களுக்கு தைராய்டு புற்றுநோய் வராதுன்னு ஒரு காலத்துல டாக்டர்களே நம்பினாங்க. அதுக்கு ஒரு நியாயமும் இருந்தது. தைராய்டு செல்லை வளர்க்கிற உரம் டி.எஸ்.ஹெச்.தான். இவங்களுக்கு டி.எஸ்.ஹெச்.தான் ஜீரோவாச்சே, உரம் இல்லாம களை எப்படி வளரும்? தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவங்கள்ல பலருக்கு, திரும்ப வர வாய்ப்பு அதிகம்னா, இன்னிக்கும் டி.எஸ்.ஹெச்.சை வேணும்னே அமுக்கித்தான் வைக்கிறாங்க. அதனால லாஜிக் சரிதான்.

ஓட்டை எங்கேன்னா அந்தத் தீக்குச்சியில. டி.எஸ்.ஹெச். இல்லைன்னாலும் அதே இடத்துல உட்கார்ந்து ஆன்டிபாடி அதே வேலையைப் பண்ணிக்கிட்டிருக்கே. வேற கடையிலிருந்து உரம் வந்துக்கிட்டுதான் இருக்கு. 1990-ல இத்தாலியில சிசிலித் தீவோட கட்டானியா நகரத்து டாக்டர்கள், கிரேவ்ஸ் இருக்கிறவங்களுக்கு வர்ற தைராய்டு புற்றுநோய் மத்தவங்களுக்கு வர்றதைவிட முரட்டுத்தனமா இருக்குன்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் வந்த வேற பல ஆய்வுகள்ல அப்படி வித்தியாசம் எதுவும் தெரியலை. வாக்குவாதம் இன்னும் முடியலை.

சரி, எத்தனை பேருக்கு இப்படி எதிர்பாராம கிடைக்குது? இங்கதான் தலை சுத்தும். ஓவர் தைராய்டுக்காக ஆபரேஷன் பண்ணவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு எழுதின ஆஸ்பத்திரிகள் இருக்கு. பத்து, பதினஞ்சுன்னு எழுதினதும் இருக்கு. ஒரே வியாதிக்கு இவ்வளவு வித்தியாசமான எண்கள் எப்படி?

எங்க தொழில்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ஒரு மாட்யூல்ல எத்தனை பக் இருக்குன்னு கேட்டா, எத்தனை நாள் டெஸ்ட் பண்ணீங்கன்னு திருப்பிக் கேட்கணும். ஒரு நாள் பார்த்தவனுக்கு மூணு கிடைக்கும், ஒரு வாரம் உட்கார்ந்தவனுக்கு முப்பது கிடைக்கும். பயாப்ஸியிலயும் அதேதான். வெட்டி எடுத்த சுரப்பியை எத்தனை துண்டு போட்டு மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்து கிடைக்கிறது மாறும். ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டினா மிளகு சைஸ் சமாசாரம் தப்பிச்சிடும்.

இன்னொண்ணு, இந்தக் கணக்குல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. ஆபரேஷன் ஆனவங்க மட்டும்தான். மாத்திரையில சரியானவங்க சுரப்பியையும், கதிரியக்க அயோடின்ல சுட்டவங்க சுரப்பியையும் யாரும் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் போறவங்கள்ல பலர், ஸ்கேன்ல ஏதோ கட்டி சந்தேகமா இருக்குன்னே போறவங்க. அவங்களைச் சேர்த்தா எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதனால 'கிரேவ்ஸ் வந்தா பதினஞ்சு சதவீதம் புற்றுநோய்'னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா நம்பிடாதீங்க. வகுக்க வேண்டிய எண்ணே அதுல இல்லை.

பின்லாந்தும் கொரியாவும்

1985-ல பின்லாந்துல ஒரு ஆய்வு பண்ணாங்க. வேற வேற காரணத்தால இறந்துபோன 101 பேரோட தைராய்டை எடுத்து, ரெண்டு மூணு மில்லிமீட்டர் கனத்துல துண்டு துண்டா வெட்டிப் பார்த்தாங்க. அதுல 36 பேருக்கு, அதாவது மூணுல ஒருத்தருக்கு மேல, குட்டிக் குட்டியா பாப்பில்லரி புற்றுநோய் இருந்துச்சு. உயிரோட இருந்தவரைக்கும் அவங்களுக்கே தெரியாது. எல்லா ஊர்லயும் இவ்வளவு இல்லை. பல நாட்டுப் பிரேதப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தா பத்துல ஒருத்தருக்குன்னு வருது. அதுவே எவ்வளவு பெரிய எண்ணுன்னு யோசிச்சுப் பாருங்க. நாம போற டவுன் பஸ்ல ஐம்பது பேர் இருந்தா அஞ்சு பேர் கழுத்துல இது இருக்கலாம்.

இதைத் தேடிக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு தென் கொரியா காட்டிக் குடுத்துச்சு. அங்கே 1999-ல தேசிய அளவுல புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. தைராய்டு அந்தப் பட்டியல்ல கிடையாது. ஆனா ஆஸ்பத்திரிகள் கொஞ்சம் கூடுதல் காசுக்கு கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக் குடுத்தாங்க. 2011-ல தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ல இருந்ததைப்போல 15 மடங்கு ஆயிடுச்சு. அந்த ஒரு வருஷத்துல மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல. ஆனா அதனால செத்தவங்க எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போ கண்டுபிடிச்சு வெட்டினதுல பெரும்பாலானது, விட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்காதது. 2014-ல அங்கே டாக்டர்கள் சிலரே எழுந்து நின்னு, அறிகுறி இல்லாதவங்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம்னாங்க. ஆபரேஷன் எண்ணிக்கையும் மளமளன்னு குறைஞ்சுது.

ஜப்பான்ல கோபே நகரத்துல குமா ஆஸ்பத்திரின்னு தைராய்டுக்கே பேர் போன ஒரு ஆஸ்பத்திரி. அங்கே மியாவுச்சிங்கிற டாக்டர் 1993-லயே சொன்னார்: ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற, பரவாத பாப்பில்லரி புற்றுநோயை உடனே வெட்ட வேண்டாம், ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கிட்டே இருப்போம், வளர்ந்தா எடுப்போம். 2014-ல அவங்க 1,235 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. அதுல ஒருத்தர்கூட தைராய்டு புற்றுநோயால சாகலை. ஒரு விசித்திரம், மத்த புற்றுநோய் மாதிரி இல்லாம, இது அறுபது வயசுக்காரங்களைவிட இளவயசுக்காரங்களுக்குத்தான் வளர வாய்ப்பு கொஞ்சம் கூட.

அப்போ கண்டுக்காம விட்டுடலாமா?

அப்படியும் கிடையாது. எல்லா தைராய்டு புற்றுநோயும் மிளகு சைஸ்ல சாதுவா உட்கார்ந்திருக்காது. கழுத்து நிணநீர்க் கட்டிகளுக்குப் போறது உண்டு, நுரையீரலுக்குப் போறதும் உண்டு. அதனால ஓவர் தைராய்டு இருக்கிறவங்க கழுத்துல தனியா ஒரு கட்டி தட்டுப்பட்டா, "உனக்குத்தான் ஹைப்பர் தைராய்டாச்சே, கேன்சர் இருக்காது"ன்னு அந்தப் பழைய நம்பிக்கையில விடக் கூடாது.

ஸ்கேன்ல ரெண்டு வகைக் கட்டி உண்டு. தானே ஹார்மோன் சுரக்கிற கட்டி கதிரியக்கப் பொருளை உறிஞ்சிப் பளிச்சுன்னு தெரியும், 'ஹாட்'னு சொல்வாங்க. இதுல புற்றுநோய் அபூர்வம். உறிஞ்சாம இருட்டாத் தெரியறது 'கோல்டு'. கிரேவ்ஸ் சுரப்பிக்குள்ள ஒரு கோல்டு கட்டி இருந்தா ஊசி போட்டு செல் எடுத்துப் பார்க்கிறதுதான் முறை. கதிரியக்க அயோடின் குடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடறது ரொம்ப முக்கியம். சுரப்பியைச் சுட்டுட்டா அப்புறம் எதையும் வெட்டிப் பார்க்கிற வாய்ப்பே கிடையாது.

வீட்டுல நடந்த பட்டிமன்றம்

அக்காவோட சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ரொம்ப நிதானமா சொன்னார்: "பாருங்கம்மா, உங்களுக்கு நான் என்ன ஆபரேஷன் பண்ணணுமோ அதை ஏற்கெனவே பண்ணியாச்சு. சுரப்பி முழுசா வெளியே வந்தாச்சு. இதுக்கு மேல வைத்தியம் எதுவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துக்கலாம்."

எங்களுக்குத்தான் நிம்மதி இல்லை. தெரிஞ்சவங்க மூலமா இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே, "எதுக்கும் ஒரு டோஸ் கதிரியக்க அயோடின் குடுத்துடுவோம், மிச்சம் மீதி இருந்தா போயிடும், சேஃப்டிக்கு"ன்னாங்க. அவ்வளவுதான், வீடு ரெண்டாச்சு.

அம்மா ஒரே பிடியா நின்னாங்க. "எது இருக்கோ எல்லாத்தையும் குடுத்துடுங்க. என் அண்ணனை இப்படித்தான் பார்க்கலாம் பார்க்கலாம்னு விட்டோம்." அவங்க பயத்தை யாரும் தப்பு சொல்ல முடியாது. அக்காவோட கணக்கு வேற. அவளுக்கு அப்போ 33. அயோடின் சாப்பிட்டா குறைஞ்சது ஆறு மாசம் குழந்தைப் பேச்சே எடுக்க முடியாது. ஏற்கெனவே மாத்திரை, திரும்ப மாத்திரை, ஆபரேஷன்னு ரெண்டு வருஷம் போயாச்சு. கண் பிரச்னை கிளம்புற பயம் வேற.

"அம்மா, அந்த டோஸ் எனக்கு எவ்வளவு நல்லது பண்ணும்னு யாராவது ஒரு நம்பர் சொல்லுங்க. நான் சாப்பிடறேன்"னா அக்கா. யாரும் சொல்லலை. ஏன்னா, சொல்ற மாதிரி நம்பர் கிடையாது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தோட 2015 வழிகாட்டுதல்ல, வேற எந்த மோசமான அறிகுறியும் இல்லாத ஒத்தை மைக்ரோ கார்சினோமாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கதிரியக்க அயோடின் வழக்கமா குடுக்கத் தேவையில்லைன்னே எழுதியிருக்கு. புற்றுநோயை நிலைநிலையா பிரிக்கிற முறையில, 2018-லிருந்து நடைமுறையில இருக்கிற கணக்குப்படி, 55 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு பாப்பில்லரி புற்றுநோய் தூரத்து உறுப்புகளுக்குப் போகாத வரைக்கும் முதல் நிலைதான். அமெரிக்கப் புள்ளிவிவரத்துல, தைராய்டைத் தாண்டாத புற்றுநோய்க்கு அஞ்சு வருஷப் பிழைப்பு விகிதம் 99 சதவீதத்துக்கு மேல.

நான் இதையெல்லாம் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதி அம்மாகிட்ட குடுத்தேன். அம்மா படிச்சுட்டு, "மிச்சம் ஒரு பர்சென்ட்டுல இவ இருந்தா?"ன்னாங்க. எந்தப் புள்ளிவிவரத்துலயும் இதுக்குப் பதில் கிடையாது. கடைசியில மூணாவதா ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட் அம்மாவையே எதிர்ல உட்கார வச்சு, "உங்க அண்ணனுக்கு வந்ததும் இதுவும் ஒரே வார்த்தைதாம்மா, ஒரே வியாதி இல்லை. நாங்க சும்மா விடலை, வருஷா வருஷம் தேடிக்கிட்டே இருக்கப் போறோம்"னு சொன்னாங்க. தேடிக்கிட்டே இருப்போம்ங்கிற வார்த்தைக்குத்தான் அம்மா இறங்கி வந்தாங்க. அயோடின் வேண்டாம்னு முடிவாச்சு.

தேடறதுன்னா ரெண்டு விஷயம். கழுத்து அல்ட்ரா சவுண்ட் ஒண்ணு. இன்னொண்ணு தைரோகுளோபுலின்னு ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு செல் மட்டுமே தயாரிக்கிற புரதம் அது. சுரப்பியே இல்லாதவங்களுக்கு அது கிட்டத்தட்ட ஜீரோவா இருக்கணும். கூடவே அதுக்கு எதிரான ஆன்டிபாடியையும் பார்க்கணும். கிரேவ்ஸ்காரங்களுக்கு அது இருந்தா முதல் டெஸ்ட் பொய் சொல்லிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம் அந்த மேடம் சொன்னாங்க, இது பல பேருக்குத் தெரியாது. தைராய்டை வெட்டி எடுத்தாலும் அந்தத் தீக்குச்சி ஆன்டிபாடி உடனே போயிடாது. ரத்தத்துல கொஞ்ச காலம் இருக்கும். அம்மாவுக்கு சுரப்பி இல்லாததால அவளை ஒண்ணும் பண்ணாது. ஆனா கர்ப்பமானா தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போய் அதோட தைராய்டைத் தூண்டலாம். அதனால கர்ப்பம் உறுதியானதும் அந்த ஆன்டிபாடி அளவைப் பார்க்கணும். நாளைக்கு வேற ஊர்ல வேற டாக்டர்கிட்ட போனாலும், "எனக்கு கிரேவ்ஸ் இருந்து ஆபரேஷன் ஆச்சு"ன்னு மறக்காம சொல்லணும். வெறும் 'தைராய்டு மாத்திரை சாப்பிடறேன்'னு சொன்னா அவங்களுக்குத் தெரிய வழியில்லை.

ஆம் / இல்லை

வைத்தியம் முடிஞ்சாலும் அந்த வார்த்தை முடியலை. மாமா தனியா ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு விண்ணப்பம் நிரப்பினார். 'புற்றுநோய் இருந்ததுண்டா? ஆம் / இல்லை.' பூலியன் கேள்வி. நாலு மில்லிமீட்டர், உறைக்குள்ளயே இருந்தது, எடுத்தாச்சுன்னு எழுத அதுல கட்டம் கிடையாது. உண்மையைத்தான் எழுதணும், 'ஆம்'னு எழுதினார். பாலிசி கிடைக்கலை. பின்லாந்துக் கணக்குப்படி பார்த்தா, அந்த விண்ணப்பத்தை நிராகரிச்ச ஆபீஸ்லயே ரெண்டு மூணு பேர் கழுத்துல இது இருக்கலாம். அவங்க எல்லாரும் தைரியமா 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருப்பாங்க.

பேருக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு டாக்டர்களுக்கும் தெரியும். 2016-ல பாப்பில்லரி வகையில ரொம்ப சாதுவான ஒரு உட்பிரிவுக்கு, 'கார்சினோமா'ங்கிற வார்த்தையையே எடுத்துட்டு வேற பேரு வச்சாங்க. ஒரே நாள்ல பல பேர் புற்றுநோயாளி பட்டியல்லயிருந்து வெளியே வந்தாங்க. அக்காவோடது அந்த வகை இல்லை.

இப்போ அவ காலையில எழுந்ததும் வெறும் வயித்துல தைராக்சின் மாத்திரை, அதுக்கப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. இந்த வைத்தியத்துலயே அவளுக்குப் பெரிய கஷ்டம் ஃபில்டர் காபிக்குக் காத்திருக்கிறதுதான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி. கர்ப்பமா இருந்தப்போ தைராக்சின் அளவைக் கூட்டினாங்க. 2024 டிசம்பர்ல பெண் குழந்தை. ஆன்டிபாடி அளவு குறைஞ்சிருந்தது, குழந்தையோட தைராய்டையும் சோதிச்சாங்க, நார்மல்.

அம்மா இன்னும் அக்கம்பக்கத்துல "தைராய்டு ஆபரேஷன்"னுதான் சொல்றாங்க. அக்கா ஸ்டாஃப் ரூம்ல எல்லார்கிட்டயும் முழுசா சொல்லிட்டா. அதைக் கேட்டுட்டு, ரெண்டு வருஷமா ஓவர் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடற ஒரு தமிழ் டீச்சர், "என் கழுத்துல ஒரு பக்கம் மட்டும் உருண்டையா இருக்கே, இதைக் காட்டணுமா?"ன்னு கேட்டாங்களாம். அடுத்த சனிக்கிழமை அக்காவே கூட்டிட்டுப் போயிருக்கா. ஊசி போட்டுப் பார்த்ததுல சாதாரணக் கட்டிதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆசாமி. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, அயோடின் வேண்டாம்னு சொல்லவோ வேண்டாம். அக்காவுக்குச் சரியா இருந்தது உங்களுக்குச் சரியா இருக்கணும்னு இல்லை. உடம்பு சும்மா இளைச்சுக்கிட்டே போனா, கை நடுங்கினா, டயட்டான்னு கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்காம ஒரு டி.எஸ்.ஹெச். பார்த்துடுங்க. அவ்வளவுதான். :-)